கரட்டுப் புதரும் மேட்டாங்காட்டு வெள்ளாமையும்

எருமப்பட்டியைச் சுற்றியுள்ள கரடுகளை மாசி, பங்குனி மாதங்களில் பார்க்கிற ஒருவர், அங்கே பேணிக் காக்கத்தக்க செல்வம் ஏதேனும் உண்டு என்று எளிதில் நம்பமாட்டார். நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், கொல்லிமலைத் தொடரை இடப்பக்கமாக விட்டுக்கொண்டு போகையில், சரளையும் சுக்கான்கல்லும் மேலெழுந்து நிற்கும் மேடுகளின்மீது, இலை உதிர்த்த உசிலையும், முள் மட்டும் மிஞ்சிய சூரையும், ஆடு கடித்துக் கடித்துக் குறுகித் தடித்துப்போன காரையும், இவற்றினிடையே எப்படியோ பசுமை மாறாமல் நிற்கும் விராலியும் அல்லாமல் வேறொன்றும் அவர் கண்ணுக்குப் புலப்படாது. மத்திய சர்க்காரின் நில வளத் துறை வெளியிட்டுவரும் தரிசுநில வரைபடத் தொகுதியும் புதர் மண்டிய நிலத்தைத் தரிசின் ஒரு வகையாகவே கணக்கில் வைத்திருக்கிறது. பயனற்றது என்று ஏட்டில் ஏறிவிட்ட நிலத்தைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் அவரை மறித்துக் கேட்பார் இல்லை. ஒரு வருஷம் கல்லுடைக்கிறவர் வருகிறார், ஒரு வருஷம் கிராவல் அள்ளுகிறவர் வருகிறார், பிறிதொரு வருஷம் மரக்கன்று நடுவதற்கென்றே புதரையெல்லாம் சுரண்டித் தள்ளும் இயந்திரம் வருகிறது. இவர்களுள் கடைசியாக வருகிறவர் நல்லெண்ணத்தோடு வருகிறார் என்பதால், அவரோடுதான் நான் முக்கியமாக வாதிட விரும்புகிறேன்.

என் கட்சி இதுதான். இந்தப் புதர்களின் வேர்களுக்குள்ளே குடியிருக்கும் ஒருவகைப் பூஞ்சையானது, இவ்வட்டாரத்து மேட்டாங்காடுகளின் வெள்ளாமைக்கும், நாம் நட ஆசைப்படுகிற மரங்களுக்கும் வித்துப் பண்டாரமாக இருந்துவருகிறது. அந்தப் பண்டாரத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, அது இனாமாகச் செய்துவந்த காரியத்தை மூட்டை உரத்தாலும் லாரித் தண்ணீராலும் செய்து முடிக்க நாம் படுகிற பாடு வீண்செலவு.

பூஞ்சை என்ற மாத்திரத்தில் நம் விவசாயிகளின் மனத்தில் வேரழுகலும் வாடல் நோயும்தான் தோன்றும். அதில் தவறுமில்லை, ஏனெனில் அவர்களுக்கு நஷ்டம் உண்டாக்கிய பூஞ்சைகளை அவர்கள் நேரில் அறிவார்கள், உபகாரம் செய்கிற பூஞ்சையோ தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. நிலத்தில் வாழும் தாவர இனங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றின் வேர்களில் இந்த உபகாரப் பூஞ்சை வாசம் செய்கிறது. வேளாண்மைத் துறையார் இதை வேர் உட்பூசணம் என்பார்கள்; உரக்கடையில் 'வேம்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இதன் காரியம் இன்னதென்று விளங்குவதற்கு மணிச்சத்தின் குணத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். தழைச்சத்து மண்ணிலுள்ள ஈரத்தோடு கலந்து வேரை நாடி ஓடிவரும் இயல்பினது. மணிச்சத்தோ, செவ்வல் மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், சுக்கான் நிலத்தில் சுண்ணாம்போடும் பிணைந்துகொண்டு, கிடந்த இடத்திலேயே கிடப்பது. ஆகவே ஒரு வேர், தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளதை உறிஞ்சித் தீர்த்த பிறகு, அதற்கப்பால் எவ்வளவு இருந்தாலும் அதை எட்ட மாட்டாமல் பட்டினி கிடக்கும். அந்த வேரினுள்ளிருந்து புறப்படுகிற பூஞ்சையின் இழை, வேர்த்தூவியைவிட மிக மெல்லியதாகையால், வேர் நுழைய முடியாத மண்துகள்களின் சந்துகளிலெல்லாம் புகுந்து, பல சென்டிமீட்டர் தூரம் பரவி, அங்குள்ள மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் திரட்டிக்கொண்டு வந்து வேருக்குள்ளே ஒப்படைக்கிறது. இதற்குக் கூலியாகச் செடி தன் இலைகளில் சமைத்த உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் கொடுத்துவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வரையில் கூலியாகக் கொடுக்க ஒரு செடி சம்மதிக்கிறதென்றால், அந்த வேலை அதற்கு எவ்வளவு அவசியமாக இருக்க வேண்டும் என்பதை ஆள் கூலி கொடுத்துப் பழகிய எந்தக் குடியானவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழையை நம்பி, அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிற இந்த மேட்டு நிலங்களில் இந்தச் சம்பந்தம் இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது. மண் காயக் காய, துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் மெலிந்து அறுபட்டு, முன்னமே மெதுவாக நகர்ந்த மணிச்சத்து முற்றிலும் நின்றுவிடுவதால், வறண்ட நிலத்துச் செடி தாகத்தால் வாடுவதற்கு முன்பே பசியால் வாடத் தொடங்குகிறது. அந்தப் பசியைத் தணித்துக்கொண்ட செடியே ஆழமாக வேர்விட்டு அடுத்த மழை வரையில் தாக்குப்பிடிக்கிறது. கரட்டில் விராலி பசுமையாக நிற்பதற்கு அதன் இலையின் மேலுள்ள பிசின் பூச்சு மட்டுமே காரணம் என்று நினைப்பவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

மழைக்குப் பிறகு, உசிலை மரத்தின் நிழலோரத்தில் ஒரு சாண் ஆழம் மண்ணைக் கிளறி, நூலினும் மெல்லிய நுனிவேர்களைச் சேதப்படாமல் எடுத்து, நீரில் அலசிப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவ்வேர்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைத்து இயற்கை நிறத்தைப் போக்கி, நீர்த்த அமிலத்தில் அலசி, டிரிப்பான் நீலம் என்ற சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியின் கீழ் வைக்கும்போதுதான் காட்சி திறக்கிறது. 1970இல் பிலிப்ஸ், ஹேமன் என்ற இருவர் இங்கிலாந்தில் வகுத்துக்கொடுத்த இந்த முறையை இன்று நம் கல்லூரி மாணவர்களும் செய்துவருகிறார்கள். வேரின் புறணி அணுக்களுக்கிடையே நீல இழைகள் ஓடுவதும், அவை அணுச்சுவரைத் துளைத்து உட்புகுந்து, அடிமரம், கிளை, சிறுகிளை, நுனிக்கிளை என்று பிரிந்து பிரிந்து ஓர் அணுவுக்குள்ளேயே ஒரு விருட்சத்தைப் போல நிறைந்து நிற்பதும், பக்கத்திலே கொழுப்பைச் சேமித்து உருண்டு பருத்த பைகள் கிடப்பதும் தெரியும். கொடுக்கல் வாங்கல் நடப்பது அந்தச் சூக்ஷ்ம விருட்சத்தில்தான். அதன் ஆயுள் சில தினங்களே. பின்னர் செடியே அதைச் செரித்துவிட, வேறோர் அணுவில் புதியதொன்று முளைக்கிறது. அதே இடத்து மண்ணை நீரில் கரைத்து, வரவர நுண்ணிய சல்லடைகளில் வடித்தெடுத்தால், மஞ்சளும் பழுப்புமாக உருண்டை வித்துக்கள் தங்கும். அவற்றுள் பெரியவை கடுகினும் சிறியவையாயினும் கைலென்சில் நன்றாகத் தெரியும்.

இந்த உறவைச் சாஸ்திர உலகத்துக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலார். பிரஷ்ய அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்த வேலை, மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த டிரஃபிள் காளானைச் சாகுபடி செய்ய வழி காண்பது. காளான் சாகுபடி கைகூடவில்லை. ஆனால் காட்டு மரங்களின் வேர் நுனிகளைப் பூஞ்சை போர்த்திக்கொண்டிருப்பதையும், அது மரத்துக்கு ஊட்டம் கொடுப்பதையும் அவர் 1885இல் வெளியிட்டார். அக்காலத்து அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. அவர் கண்டது குளிர் நாட்டு மரங்களின் வேரை வெளியே போர்த்தும் இனம். நம் புதர்க்காட்டில் உள்ளது வேருக்குள்ளேயே வாழும் வேறு இனம். இதன் தொன்மையோ திகைக்கச் செய்வது: ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள கல்லாய்ப்போன செடிகளின் உள்ளேயும் இதே சூக்ஷ்ம விருட்சங்கள் அழியாமல் கிடக்கின்றன. வேர் என்ற உறுப்பு செம்மையாக உருவாவதற்கு முன்பே இந்தக் கூட்டு ஏற்பட்டுவிட்டது.

இதையெல்லாம் அந்நிய தேசத்து விஷயம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1988 ஜனவரி மாதத்தில், வேர்ப்பூஞ்சையைப் பற்றிய முதலாவது ஆசிய மாநாடு நடந்தது சென்னையிலே. அதன் கட்டுரைகளைச் சென்னைப் பல்கலைக்கழகத்து மகாதேவன், இராமன், நடராஜன் ஆகிய மூவரும் தொகுத்து நூலாக வெளியிட்டார்கள். இராமனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, சேலம் ஜில்லாக்காரர்கள் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. மாக்னசைட் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய கழிவுக் குவியலைப் பற்றியது அது. ஏற்காட்டு அடிவாரத்தில் அப்படிப்பட்ட வெள்ளைக் குவியல்களைப் பார்த்தவர்களுக்கு, அதன்மேல் ஒரு செடி வேர்விடுவது எவ்வளவு பிரயாசையான காரியம் என்று சொல்லத் தேவையில்லை. அவ்விதமான கழிவின்மேல் யாரும் நடாமல் தாமாகவே வந்து ஊன்றிக்கொண்ட செடிகளை அவர்கள் ஆராய்ந்தபோது, அவற்றின் வேர்களிலும் இந்தப் பூஞ்சை குடியிருக்கக் கண்டார்கள். கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்து முத்துக்குமாரும் உதையனும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பிரதேசத்துச் செடிகளின் வேர்களை இனம் இனமாகப் பரிசோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட விவரமும் நம்மிடம் இருக்கிறது. இவ்வளவு வேலை நம் மண்ணிலேயே நடந்திருந்தும், அதன் பலன் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து எருமப்பட்டிக் காட்டுக்கு வந்து சேரவில்லை என்பதே என் குறை.

வந்து சேர்ந்திருந்தால் முதலில் பயன் பெற்றிருக்க வேண்டியது குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் ஜவ்வரிசி ஆலைகளையெல்லாம் ஊட்டி வளர்க்கிற இந்தப் பயிரைப் பற்றி, 1980ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு விசித்திரமான புதிர் எழுந்தது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில், மண்ணே இல்லாமல், ஓடும் ஊட்டக் கரைசலில் பல பயிர்களை வளர்த்து, எந்தப் பயிருக்கு எவ்வளவு மணிச்சத்து வேண்டும் என்று அளந்தார்கள். அங்கே குச்சிக்கிழங்கு, மக்காச்சோளத்தைவிடவும் தட்டைப்பயற்றைவிடவும் மிக அதிகமான மணிச்சத்து கேட்டது. குறைத்தால் வளர மறுத்தது. ஆனால் உலகமெங்கும் குடியானவர்கள், வேறு எந்தப் பயிரும் வராத ஏழை நிலத்தைத்தான் குச்சிக்கிழங்குக்கு ஒதுக்குகிறார்கள். அது அங்கே நன்றாகவே விளைகிறது. சோதனைச்சாலையில் பெருந்தீனிக்காரனாகவும் காட்டில் உபவாசியாகவும் ஒரே பயிர் எப்படி இருக்க முடியும்? தென்னமெரிக்காவில் கொலம்பியா தேசத்துச் சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஹோவலரும் பிறரும் செய்த சோதனைகள் இதை அவிழ்த்தன. கிருமியெல்லாம் சாகும்படி மண்ணைத் தூய்மையாக்கிப் பின் அதில் குச்சிக்கிழங்கை நட்டார்கள். மணிச்சத்தை அளவுக்கு மீறிக் கொட்டினாலன்றி அது வளர்வதாயில்லை. அதே மண்ணில் வேர்ப்பூஞ்சையைச் சேர்த்தவுடன், சொற்ப மணிச்சத்திலேயே செழித்தது. ஆக, குச்சிக்கிழங்கின் வேர் பருமனாகவும் தூவி குறைந்ததாகவும் இருப்பதால், மணிச்சத்தைத் தானே தேடும் திறமை அதற்கு அநேகமாகக் கிடையாது. பூஞ்சையில்லாவிட்டால் அந்தப் பயிர் நொண்டி. எருமப்பட்டிப் பக்கத்துக் காடொன்றில் கரணை ஊன்றுகிற ஒருவர், தம் மண்ணில் அந்தப் பூஞ்சை இருக்கிறதா, செத்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கும்படி அவருக்கு யாரும் சொல்லவுமில்லை.

சின்ன வெங்காயமும் இந்த ஜாதிதான். அதன் வேர் குட்டை, கிளை இல்லை, தூவியும் சொற்பம். நிலக்கடலை, துவரை, சோளம் ஆகியவையும் இந்தக் கூட்டாளியை நாடுபவையே. முட்டைக்கோசு, கடுகு இவற்றின் குடும்பமும், முளைக்கீரை வகைகளும் இதனோடு சேர்வதில்லை. அவற்றுக்கு வேம் வாங்கிப் போடுகிறவர் பணத்தை மண்ணில் போடுகிறார். சோளத்தைப் பற்றி ஓர் உபகதையும் உண்டு. சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை சோளக் காட்டில் படுத்துகிற பாட்டை மானாவாரி விவசாயிகள் அறிவார்கள். அதன் விதை, சோள வேர் பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகே முளைக்கும். வேரிலிருந்து கசியும் எந்தப் பொருள் அதற்குத் தகவல் கொடுக்கிறது என்று ஆராய்ந்து 1966இல் பருத்தி வேரின் கசிவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் தன் சத்துருவை எழுப்புகிற ஒரு பொருளைச் செடி எதற்காக உண்டாக்குகிறது என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. 2005இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அகியாமா குழுவினர் விடை கண்டார்கள்: மணிச்சத்துக்குப் பசித்த செடி, பூஞ்சையை அழைப்பதற்காக அனுப்பும் தூதுதான் அது, களை அதை ஒட்டுக்கேட்கிறது. இந்தத் தூதை அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது செடியின் பசி. மண்ணில் கரைந்த மணிச்சத்து மிகுந்துவிட்டால் செடி தூது அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறது, கூலி கொடுப்பதையும் குறைத்துக்கொள்கிறது, பூஞ்சை வேருக்குள் நுழைவது அருகிப்போகிறது.

இங்கேதான் நம் வட்டாரத்து வழக்கமொன்றைப் பற்றி, பலருக்குப் பிரியமில்லாத வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாமக்கல் என்றால் முட்டை. கோழிப்பண்ணையால் இந்த ஜில்லா அடைந்த செல்வத்தை யாரும் மறுக்க முடியாது. கோழிக்குப் போடுகிற மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் மணிச்சத்து ஏராளம். ஆனால் அதில் பெரும்பகுதி பைட்டேட் என்ற பூட்டிய வடிவில் இருப்பதாலும், அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி கோழியின் குடலில் போதிய அளவு இல்லாததாலும், டைகால்சியம் பாஸ்பேட்டைத் தனியாகக் கலந்து கொடுக்கிறார்கள். பைட்டேஸ் நொதியைத் தீவனத்தில் சேர்க்கும் பண்ணைகளில் நிலைமை சற்று மேல். எப்படியும், கோழி உபயோகித்தது போக மிஞ்சிய மணிச்சத்து எச்சத்தோடு வெளியேறி, முட்டையோட்டுக்காகக் கொடுத்த கிளிஞ்சலின் சுண்ணாம்போடு சேர்ந்து, எருவாக நம் காட்டுக்கு வருகிறது. எரு என்கிற முறையில் அது உயர்ந்த பொருள்தான். பண்ணைக்கு அருகிலுள்ள காட்டில், வண்டிக்கூலி மிச்சம் என்பதற்காக வருஷந்தோறும் அதையே கொட்டி, அதற்குமேல் அடியுரமாக டி.ஏ.பி.யும் இடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை. ஐம்பது கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. மானியம் போக அதன் விலை 1,350 ரூபாய். கடல் கடந்து வரும் பாஸ்பேட் பாறையிலிருந்து செய்த இந்தச் சத்தை, ஏற்கெனவே சத்து தேங்கிய மண்ணில் போட்டு, அதை இனாமாகத் திரட்டித் தரும் பூஞ்சையையும் வெளியே நிறுத்துவது இரட்டை நஷ்டம்.

மணிச்சத்து உரமே கூடாது என்பது என் வாதமன்று. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி பலருக்கு அட்டை கிடைத்திருக்கிறது. ஹெக்டேருக்குக் கிடைக்கக்கூடிய மணிச்சத்து 11 கிலோவுக்குக் குறைவு என்றால் குறைவு, 22 கிலோவுக்கு மேல் என்றால் அதிகம் என்பது நம் தமிழ்நாட்டில் கையாளும் கணக்கு. குறைவான இடத்தில் உரம் போடத்தான் வேண்டும். பூஞ்சை இல்லாத பொருளை உண்டாக்காது, இருப்பதைத்தான் கொண்டுவரும். அதிகமென்று அட்டை சொல்லியும் மூட்டையைப் பிரிக்கிறவர்தான் யோசிக்க வேண்டும்.

இனி உழவு. பூஞ்சையின் இழைவலை மண்ணுக்குள் பின்னிக் கிடக்கிறது. ஒரு கிராம் மண்ணில் அது பல மீட்டர் நீளம் இருக்கும். சுழல்கலப்பை அதைத் துணுக்குத் துணுக்காக்கிவிடுகிறது. அதையும்விடக் கேடு, பயிரோ களையோ ஒன்றுமில்லாமல் நிலத்தை நெடுங்காலம் வெறுமையாகப் போட்டுவைப்பது. உயிருள்ள வேரில்லாமல் இந்தப் பூஞ்சை வாழாது. வித்துக்கள் சில காலம் காத்திருக்கும், பிறகு அவையும் குறையும். குவீன்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் சமவெளியில், ஈரத்தைச் சேமிப்பதற்காக ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தரிசு போட்ட நிலத்தில், ஈரமும் சத்தும் நிறைய இருந்தும் அடுத்த பயிர் வெளிறிக் குன்றிப்போவதைக் கண்டு குடியானவர்கள் திகைத்தார்கள். தாம்ப்சன் என்பவர் 1987இல் காரணத்தை வெளியிட்டார்: இடையில் பூஞ்சை அருகிவிட்டது. கோடை உழவின் நன்மைகளை நான் அறிவேன். கூட்டுப்புழு வெயிலில் காய்ந்து சாகிறது, மழைநீர் உள்ளே இறங்குகிறது. ஆயினும் காடு முழுவதும் உழுதாலும் வரப்பையும் வேலிக்காலையும் உழாமல் விட்டுவைத்த நம் முன்னோர் வழக்கத்துக்கு இப்போது ஒரு புதிய அர்த்தம் தெரிகிறது. கிளுவை வேலியும், வரப்போரத்து உசிலையும் ஆவாரையும் நிற்கிற வரையில், உழவுக்குப்பின் பூஞ்சை திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தது. உசிலந்தழையைத் தழையுரமாக நசுக்கிப் போட்டதும், அதன் இலையை அரப்பாக இடித்துத் தலைக்குத் தேய்த்ததும் நாம் அறிந்த உபயோகங்கள். வேரின் உபயோகம் அறியாமலே நடந்துவந்தது. கரூர், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களில், முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வருஷக்கணக்கில் உழவின்றி நிற்பதையும் இந்த நோக்கோடு பார்க்க வேண்டும். இன்று வேலிக்கால் போய்க் கம்பிவேலி வந்துவிட்டது. வரப்பைக் குறுக்கினால் இரண்டு சால் அதிகம் கிடைக்கிறது என்ற ஆசையில் அதுவும் தேய்ந்துகொண்டே போகிறது.

கரட்டுக்குத் திரும்புவோம். வறண்ட புதர்நிலங்களில், பழைய புதரொன்றின் அடிமண்ணில் சத்தும் பூஞ்சை வித்தும் செறிந்திருப்பதும், இரண்டு புதர்களுக்கிடையேயுள்ள வெட்டவெளியில் அவை அரிதாயிருப்பதும் பல தேசங்களில் கண்டறியப்பட்ட உண்மை. ஆகவேதான் இயற்கையில் புதிய நாற்று வெட்டவெளியில் கருகி, சூரைப் புதரின் அடியில் பிழைக்கிறது; நிழலும் முள்வேலியும் மட்டுமே அதற்குக் கிடைத்த உதவிகள் அல்ல. தென்கிழக்கு ஸ்பெயினில் பாலையாகிக்கொண்டிருந்த புதர்நிலத்தில், கிரனடா நகரத்து ஆராய்ச்சியாளர்கள், அந்நிலத்துக்கே உரிய ஒரு பருப்பினப் புதரின் நாற்றுக்களுக்கு அந்நிலத்துக்கே உரிய பூஞ்சைகளையும் வேர்முடிச்சுப் பாக்டீரியாவையும் ஏற்றி நட்டு, ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். நாற்று நன்றாக வளர்ந்தது. அதைச் சுற்றிய மண்ணில் தழைச்சத்தும் மக்கும் கூடி, மண்துகள்கள் நன்றாகக் கட்டுப்பட்டன. வேற்றிடத்துப் பூஞ்சையைவிட உள்ளூர்ப் பூஞ்சையே நெடுங்காலத்தில் மேலான பலன் கொடுத்தது என்பது அதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் மரநடுகையைப் பாருங்கள். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவோம் என்று 2022 செப்டம்பரில் அரசாங்கம் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. நோக்கத்தைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. ஆனால் ஊர்ப்புறங்களில் மரநடுகை எவ்விதம் நடக்கிறது? மண் அள்ளும் இயந்திரம் வந்து, ஆவாரை, சூரை, காரை எல்லாவற்றையும் மேல்மண்ணோடு வழித்து ஓரத்தில் குவிக்கிறது. வழுவழுப்பான சிவப்புத் தளத்தில் வரிசையாகக் குழி எடுக்கப்படுகிறது. நாற்றங்காலில் பிளாஸ்டிக் பையில் செம்மண்ணும் மணலும் எருவும் கலந்த கலவையில் வளர்ந்த கன்று, அந்தக் கரட்டுப் பூஞ்சையோடு ஒருநாளும் பழகாமல், அது இல்லாமலாக்கப்பட்ட மண்ணில் நடப்படுகிறது. முதல் கோடையில் அது காய்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று எழுதிவைக்கிறோம். சீமைக்கருவேலத்தை அகற்றும்போதும் இதே இயந்திரம், இதே வழிப்பு. அம்மரத்தின்மீது எனக்குப் பட்சமில்லை. அதை வெட்டி, கட்டையைத் தோண்டி எடுப்பதற்கு மேல்மண் முழுவதையும் பெயர்க்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

பூஞ்சைதான் கடையில் விற்கிறதே, வாங்கிப் போட்டால் ஆயிற்று என்று ஒருவர் கேட்கலாம். 1985ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அட்டவணையில் பின்னாளில் இதற்கும் தர நிர்ணயம் சேர்க்கப்பட்டது உண்மை. இந்தப் பூஞ்சையை வேரின்றி வெறும் கண்ணாடிக் குப்பியில் பெருக்க முடியாது என்பதால், தயாரிப்பு கடினம். தயாரித்த பின் வெயிலில் அடுக்கிவைத்த பொட்டலத்துக்குள் உயிர் எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கேள்வி. பல தேசங்களில் கடைச் சரக்கைச் சோதித்தவர்கள், அவற்றுள் பெரும்பாலானவை வேரில் குடியேறவே இல்லை என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கும் முறையொன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஒரு மீட்டர் நீள அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியில் கறுப்புப் பாலிதீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் 5 கிலோ தூய்மையாக்கிய மண்ணும் நிரப்பி, ஒரு கிலோ தாய்வித்தை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பரப்பி, மக்காச்சோளம் விதைத்து, 60 நாள் வளர்த்து வேரோடு அறுத்துக் கலந்தால் 55 கிலோ கிடைக்கிறது. மகளிர் குழு ஒன்று இதைச் செய்யலாம்; ஊராட்சி நாற்றங்கால் செய்யலாம். தாய்வித்தை எங்கோ வடக்கிலிருந்து தருவிக்காமல், எருமப்பட்டிக் கரட்டிலிருந்தே பிரித்தெடுத்துக் கொடுக்கும் வேலையை, ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் ஏற்றுக்கொண்டால் குச்சிக்கிழங்குக் குடியானவர்கள் அதற்குக் கடமைப்பட்டவர்களாவார்கள்.

ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். மண்ணுக்கடியில் மரங்களெல்லாம் பூஞ்சை இழை வழியே பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைமரத்துக்குச் சோறூட்டுகிறது என்றெல்லாம் இப்போது ரசமான கதைகள் உலவுகின்றன. 1997இல் கனடாவிலிருந்து வந்த ஒரு நல்ல ஆராய்ச்சியை ஊதிப் பெருக்கியதால் வந்த வினை இது. இயற்கைக் காடுகளில் இதற்கு ஆதாரம் சொற்பமே என்று 2023இல் அத்துறையினரே எழுதிவிட்டார்கள். பூஞ்சைக்கு அன்பும் தியாகமும் கற்பிக்க வேண்டியதில்லை. கூலி வாங்கிக்கொண்டு மணிச்சத்து கொண்டுவருகிறது என்பதே அதைக் காப்பாற்றப் போதுமான காரணம்.

ஆகையால் ஊராட்சிகளையும் வனத்துறையையும் நான் கேட்டுக்கொள்வது: கரட்டில் கன்று நட்டே ஆக வேண்டுமென்றால், புதரை வழிக்காமல் புதருக்குப் பக்கத்திலேயே குழி எடுக்கட்டும், உசிலை, வெள்வேல் போல அந்நிலத்துக்குரிய கன்றையே நடட்டும், நாற்றங்கால் கலவையில் உள்ளூர்ப் புதரடி மண்ணும் ஒரு பங்கு சேரட்டும். வாசகர்களுள் நிலமுள்ளவர்களுக்கு இன்னும் எளிய வேண்டுகோள். வரும் புரட்டாசியில் கன்று நடுகிறவர்கள், குழிக்குள் டி.ஏ.பி. போடாமல், தங்கள் சொந்த வரப்பில் நோயின்றி நிற்கும் பழைய உசிலையின் அடிமண்ணை, நுனிவேரோடு இரண்டு கை அள்ளி, கன்றின் வேர் படும்படி இடுங்கள். காப்புக்காட்டில் போய் மண் தோண்டாதீர்கள், அது சட்டவிரோதம். பாதிக் குழிகளுக்கு அப்படி இடாமல் விட்டு, எவை எவை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த ஆடியில் இரண்டையும் அளந்து பார்த்து, பலன் சாதகமோ பாதகமோ, உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கும் இந்தப் பத்திரிகைக்கும் எழுதுங்கள்.